லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைப் புதுப்பித்தால் கணினி துவங்காமல் போகுமா? அப்படியே விட்டுவிடலாமா?

சில சமயம் துவங்காமல் போகும். எனக்கே போயிருக்கிறது. அதற்காக அப்படியே விட்டுவிடக் கூடாது. 2022 மார்ச்சில் வெளியே தெரிந்த ‘டர்ட்டி பைப்’ என்ற பாதுகாப்பு ஓட்டையால், கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவனே ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ளவன், ஆகிவிட முடிந்தது. அதைக் கெர்னலில்தான் அடைத்தார்கள்.

நான் காரைக்குடியில் கணினி பழுதுபார்ப்பவன். ஆத்தங்குடியில் ஓர் ஆச்சி நடத்தும் டைல்ஸ் பட்டறைக்கு உபுண்டு என்ற லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். கணக்கு வழக்கு இருப்பதால், கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி வட்டை மறையாக்கம் செய்தேன். அதனால்தான் கணினியைத் துவக்கும் கோப்புகளுக்கு பூட் என்று மறையாக்காத தனிப் பிரிவு. அதற்கு 512 எம்பி போதும் என்று நினைத்தது என் தப்புதான்.

ஒரு நாள் காலை புதிய கெர்னலை நிறுவினேன். நடுவில் ஓடிய ‘இடமில்லை’ என்ற வரியைப் படிக்காமல் ரீஸ்டார்ட் கொடுத்தேன். கறுப்புத் திரை, கெர்னல் பேனிக்: கெர்னல் மேலே ஓட முடியாமல் நின்றுவிட்டது. கண்ணாடித் தட்டின் மேல் சாயக் கலவை ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை. ஆச்சி மட்டும் வந்து நின்றார். “நேற்று வரைக்கும் ஓடியதே தம்பி?” வாசலில் லாரி பில்லுக்காகக் காத்திருந்தது.

பழைய கெர்னல்கள் மூன்று பூட் பிரிவை அடைத்துக்கொண்டிருந்தன. நான்காவதன் கெர்னல் கோப்பு மட்டும் உள்ளே போயிற்று; துவங்கும்போது வட்டைத் திறந்துவிடும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு உருவாக இடமில்லை. அது இல்லாமல் மறையாக்கிய வட்டைத் திறக்க ஆளில்லை. மறுபடி துவக்கி, எஸ்கேப் தட்டி, எந்தக் கெர்னலில் துவக்குவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தேன். கடவுச்சொல் கேட்டது, எனக்கு மூச்சு வந்தது. மிகப் பழைய இரண்டை நீக்கி, புதியதற்கு இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்கி, கிரப்பையும் புதுப்பித்தேன். அரை மணி நேர வேலை.

உங்களுடையது வீட்டுக் கணினியாகத்தான் இருக்கும். பூட் பிரிவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள், ஓடுகிற கெர்னலை நீக்காதீர்கள், புதுப்பித்துவிடுங்கள். ‘லைவ்பேட்ச் இருக்கிறதே’ என்பவர்களுக்கு: அது ஓடுகிற கெர்னலிலேயே முக்கிய ஓட்டைகளை அடைக்கும், புதிய கெர்னலைத் தராது.

அன்று மாலை ஆச்சியின் மகன் சிங்கப்பூரிலிருந்து போன் செய்தார். “லினக்ஸ் இலவசம்தானே, பிறகு எதற்குக் கூலி?” ஆத்தங்குடி மண்ணும் தரையில்தான் கிடக்கிறது, டைல்ஸைச் சும்மாவா கொடுக்கிறீர்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. பாதிப் பணம் வந்தது. மீதிக்கு ஆச்சி ஒரு தூக்கு நிறையச் சீப்புச் சீடை கொடுத்தார். நல்ல சீடைதான், கடை வாடகைக்குச் செல்லாது.