வெளிநாட்டில் பணியாற்றும் நம் மலேசியச் சிப்பாய்களைப் பற்றிய டிவி நிகழ்ச்சிகள் உண்மையைத்தான் காட்டுகின்றனவா?

காட்டுவது உண்மைதான். ஆனால் யார் பக்கம் நின்று காட்டுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் பாட்டி.

எங்கள் ஊர் பேராக்கில் சுங்கை சிப்புட். அண்ணன் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தார். 2013இல் மால்பாட் என்ற மலேசிய அமைதிப்படைக் குழுவோடு தென் லெபனானுக்குப் போனார். ஐ.நா.வின் யுனிஃபில் அமைதிப்படை அங்கே 1978இல் போனது. 2006 இஸ்ரேல்-ஹிஸ்புல்லா போருக்குப் பிறகு படையைப் பெரிதாக்கினார்கள், அடுத்த ஆண்டு மலேசியாவும் ஆள் அனுப்பத் தொடங்கியது.

அண்ணன் போனில் ஒன்றும் சொல்லமாட்டார். "சாப்பிட்டேன்மா, குளிருதும்மா", அவ்வளவுதான். அதனால் மால்பாட் பற்றி டிவியில் எது வந்தாலும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். வெள்ளை வண்டி, நீலத் தொப்பி, பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் டாக்டர். ஒருமுறை ஒலிவத் தோப்பு வழியாக ரோந்து போவதைக் காட்டினார்கள். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிய அம்மா மரத்தைத்தான் பார்த்தார். "வரிசை நம்ம தோட்டம் மாதிரியே இருக்கு. யாரு காய் பறிக்கிறது?" அன்று இரவு அம்மா நிம்மதியாகத் தூங்கினார். இந்த நிகழ்ச்சிகளைக் குறை சொல்லும் முன் அந்த ஒரு இரவுக்காக நான் நன்றி சொல்லவேண்டும்.

பாட்டி மட்டும் வேறு கேட்டார். "அந்த ஊர்ச் சனம் என்ன சொல்லுது? ஒருத்தரையும் பேசவிடலியே?"

பாட்டி ஏன் அப்படிக் கேட்டார் என்பதற்கு எங்கள் ஊர்க் கதை தெரியவேண்டும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. பிரிட்டிஷ்காரர், கூர்க்கா, ஆஸ்திரேலியர், பீஜிக்காரர் என்று எங்கிருந்தெல்லாமோ பட்டாளம் வந்தது. அவர்களுக்கு எங்கள் தோட்டம்தான் வெளிநாட்டுப் பணி! தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசி போகக்கூடாது என்று பால்வெட்டுக்குப் போகிறவர்களை விடியற்காலையில் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள், கையில் சோறு இருக்கக்கூடாது. பாட்டி அப்போது சின்னப் பிள்ளை. தன் அம்மாவின் வாளியைக் கவிழ்த்துப் பார்த்த சிப்பாயின் முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தது வரை சொல்வார். அந்தச் சிப்பாய் மோசமானவன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல" என்பதுதான் அவர் மனத்தாங்கல்.

இதே மனத்தாங்கல் நமக்கும் உண்டு. 1993 அக்டோபர் 3 இரவு சோமாலியாவின் தலைநகர் மொகாடிஷுவில் மாட்டிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்கப் போனவை மலேசியாவின் கொண்டோர் கவச வண்டிகளும் பாகிஸ்தான் டாங்கிகளும். வண்டி ஓட்டிய மாட் அஸ்னான் அவாங் உயிரையே கொடுத்தார். அந்தச் சண்டையைப் பற்றி 2001இல் வந்த 'பிளாக் ஹாக் டவுன்' ஹாலிவுட் படத்தில் நம்மவர்களுக்கு இடமே இல்லாத மாதிரிதான். அந்தச் சண்டை நடந்து முப்பது வருடம் கழித்து, 2023இல், நாமே அதைப் படமாக எடுத்தபோதுதான் பலருக்கு மனம் ஆறியது. அந்தக் கோபம் முழுக்க நியாயம். ஆனால் நம்மைப் பேசவிடாத படத்தின்மேல் கோபப்படுகிற நாம், நம் டிவியில் அந்த ஊர்க்காரர் மருந்து வாங்கிக்கொண்டு சிரிப்பதோடு திருப்திப்பட்டுவிடுகிறோம். எனக்கு அது உறுத்துகிறது.

அண்ணன் ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தார். சைரன் கேட்டு பங்கருக்கு ஓடிய இரவுகளைப் பற்றி அப்போதுதான் எங்களிடம் சொன்னார். பாட்டி அதையெல்லாம் கேட்டுவிட்டு, சனத்தைப் பற்றிக் கேட்டார். அண்ணன் கொஞ்சம் யோசித்தார். ஒலிவம் பறிக்கும் மாதத்தில் ஒரு கிழவி ரோந்து வண்டியை நிறுத்தி "அப்பா கபார்?" என்று மலாயில் நலம் விசாரிப்பாராம். முன்பு வந்த குழுக்களிடம் கற்றுக்கொண்டது. அடுத்து அரபியில் எப்போதும் ஒரே கேள்விதான், "நீங்க எப்பப் போவீங்க?" போய்விடுவார்களே என்று கேட்டாரா, இன்னும் போகவில்லையே என்று கேட்டாரா, அண்ணனுக்குக் கடைசிவரை புரியவில்லை.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவளைக் காட்டியிருக்கலாமே டிவியில" என்றார்.