எடுத்து வைத்த பாட்டில் யாருக்கு?

இந்த நுகர்வோர் கேள்வி-பதில் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஆண்டுக்கு ஒருமுறை, எண்ணி எடுத்தாற்போல வெளிவரும் பீர் வகைகளைக் கடைக்காரர் யாருக்கு விற்க வேண்டும் என்று அமெரிக்காவின் பல மூலைகளிலிருந்து வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். மிக்ஸி, மெத்தை பற்றிய கடிதங்கள் அடுத்த முறைவரை பொறுத்திருக்கட்டும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடையில் ஆறு ஆண்டுகளாக வாரந்தோறும் பீர் வாங்குகிறேன். சென்ற ஆண்டு நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள் காலை, கடை திறக்கும்போதே போய் நின்று, ஆண்டுதோறும் அன்று வெளிவரும் போர்பன் கவுன்ட்டி ஸ்டவுட் (போர்பன் விஸ்கி பீப்பாயில் ஊறிய கனத்த கறுப்பு பீர்) கேட்டேன். தீர்ந்துவிட்டது என்றார். நான் வாசலைத் தாண்டுவதற்குள் பின்னறையிலிருந்து இரண்டு பாட்டில்களைக் காகிதப்பையில் சுற்றி எடுத்துவந்து இன்னொருவரிடம் கொடுத்தார். இது நியாயமா? (நேப்பர்வில், இல்லினாய்)

பதில்: எடுத்து வைக்க அவருக்கு உரிமை உண்டு, உங்களிடம் பொய் சொல்ல உரிமை கிடையாது. உங்கள் வருத்தத்தில் இவ்விரண்டும் கலந்து கிடப்பதால் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1933இல் மதுவிலக்கு நீங்கியபோது, அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை மூன்றடுக்கு முறையைக் கொண்டுவந்தன. ப்ரூவரி, அதாவது பீர் ஆலை, விநியோகஸ்தருக்கு விற்கும். விநியோகஸ்தர் கடைக்கு விற்பார். கடை நமக்கு விற்கும். கூஸ் ஐலண்ட் ப்ரூவரியின் இந்த ஸ்டவுட்டைப் போன்ற அரிய சரக்கு வரும்போது எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி என்பதை முடிவு செய்பவர் விநியோகஸ்தர்தான். ஆண்டு முழுவதும் தன்னுடைய சாதாரணச் சரக்கை அந்தக் கடை எவ்வளவு விற்றுக் கொடுத்தது என்பதையே அவர் பெரும்பாலும் பார்க்கிறார். ஆகவே உங்கள் கடைக்கு ஒரு பெட்டி வந்திருந்தால், அது ஜனவரிப் பனியிலும் ஆகஸ்ட் புழுக்கத்திலும் நீங்களும் உங்களைப் போன்றவர்களும் ஆறு ஆறாக வாங்கிச் சென்ற பாட்டில்களின் கணக்கில் வந்தது. ஆண்டுக்கு ஒரு காலைப்பொழுது மட்டும் தலைகாட்டிவிட்டு, நான்தான் வரிசையில் முதல் ஆள் என்பவரைவிட உங்களுக்கு அந்தப் பாட்டிலில் பாத்தியதை அதிகம் என்பதே என் கட்சி.

ஆனால் வாடிக்கையாளர் என்பவர் யார்? இந்தக் கேள்விக்கு வாய் திறந்து விடை சொல்லாத கடைகளின் மீது எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் போய்வந்த ஒரு கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் சுருள்கம்பி போட்ட நோட்டுப்புத்தகம் ஒன்று, நூலில் கட்டிய பேனாவோடு கிடக்கும். அரிய பீர் வந்தால் அழைக்கிறோம் என்று பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். பட்டியலில் மேலே வரவேண்டுமானால் கொஞ்சம் வாங்கிக் காட்டுங்கள் என்று கடைப்பையன் சொன்னதை நம்பி, விலைபோகாமல் அடுக்கிக் கிடந்த பூசணிக்காய் பீரில் ஒரு முழுப் பெட்டி, அதாவது 24 பாட்டில்கள், வாங்கிவந்தேன். ஆறிப்போன பாயசத்தில் யாரோ சோடாவை ஊற்றி, மேலே ஜாதிக்காயைத் தூவியதுபோல இருந்தது அது. தீபாவளிக்கு வந்த நண்பர்கள் ஆளுக்கு இரண்டு வாய் குடித்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்றார்கள். நவம்பரில் கடையிலிருந்து அழைப்பே வரவில்லை. நேரில் போய்க் கேட்டபோது, பழைய நோட்டு நிறைந்துவிட்டது, புதிதாக ஒன்று போட்டிருக்கிறோம், அதில் மறுபடி எழுதிவிட்டுப் போங்கள் என்றார்கள்.

வாரந்தோறும் வருபவர்தான் வாடிக்கையாளர் என்று ஒரு கடை வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு இன்ன தொகைக்கு வாங்கியவர் என்று இன்னொரு கடை வைத்துக்கொள்ளலாம். இரண்டும் இல்லாமல் தன் மைத்துனரோடு சீட்டாடுபவர் என்றுகூட ஒருவர் வைத்துக்கொள்ளட்டும். எதுவாக இருந்தாலும், பாட்டில் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே அதை எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும் என்பதுதான் நான் கேட்பது. எழுதாத விதி கடைசியில் எப்போதும் பின்னறைக்குத்தான் போய்ச் சேரும். ஆரிகன் மாநிலத்தில் மது விற்பனையை நிர்வகிக்கும் அரசு ஆணையத்தின் உயர் அதிகாரிகளே, பொதுமக்களுக்குக் கிட்டாத அரிய போர்பன் விஸ்கி பாட்டில்களைத் தங்களுக்காக எடுத்து வைக்கச் செய்தது 2023இல் வெளிவந்து, ஆணையத்தின் தலைமை அதிகாரி பதவி விலக நேர்ந்தது. காசு கொடுத்துத்தானே வாங்கினோம் என்றார்கள். காசு கொடுக்க ஊரில் எல்லோரும் தயாராகத்தான் இருந்தார்கள். பாட்டில் எங்கே இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

உங்கள் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஆறு ஆண்டுகளாக வருகிறேன், உங்கள் பட்டியலில் நான் இருக்கிறேனா, இல்லையென்றால் என்ன செய்தால் இருப்பேன் என்று நேராகக் கேளுங்கள். அவர் மழுப்பினால் உங்கள் வாராந்திரப் பணத்தை வேறு கடையில் கொடுங்கள். அடுத்த ஆண்டு அந்தக் கடையின் கணக்கில் ஒரு பெட்டி கூடும்.

கேள்வி: எழுபது மைல் காரோட்டிப் போய் ஒரு கடையில் கேட்டேன். நான் முன்பின் அங்கே போனதில்லை. வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தான் என்கிறார்கள். இது பாகுபாடு இல்லையா? (சாக்ரமென்டோ)

பதில்: இல்லை. நிறத்தையோ பிறந்த நாட்டையோ பார்த்து மறுத்திருந்தால் அது சட்டமீறல்; பழக்கம் இல்லாதவர் என்று மறுப்பது சட்டமீறல் ஆகாது. அடுத்த முறை கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள், பெட்ரோலாவது மிச்சமாகும்.

கேள்வி: ப்ரூவரியில் விற்கும் விலையைப்போல இரண்டு மடங்குக்கு எங்கள் கடையில் விற்கிறார்கள். எங்கே புகார் செய்வது? (டாலஸ்)

பதில்: புகார் செய்ய இடமில்லை. இந்தியாவில் ஒவ்வொரு பாட்டிலிலும் அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு, அப்படி ஒரு விலையே இல்லாத நாட்டில் கடைக்காரர் எழுதிய சீட்டுதான் விலை என்பது உறைக்கச் சில ஆண்டுகள் ஆகின்றன. எனக்கும் ஆயிற்று. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வரும் உரிமை மட்டும் உங்களுக்கு இருக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன்: மிச்சிகனின் ஃபவுண்டர்ஸ் ப்ரூவரியின் கேபிஎஸ் ஸ்டவுட்டுக்காக ஒரு காலத்தில் மக்கள் வரிசையில் நின்றார்கள், கெஞ்சினார்கள், இரட்டை விலை கொடுத்தார்கள். பிறகு அந்த ப்ரூவரியே அதை ஆண்டு முழுவதும் கிடைக்கும் சரக்காக்கிவிட்டது. இரட்டை விலை கொடுத்தவர்களுக்கு யாரும் மிச்சத்தைத் திருப்பித் தரவில்லை.

கேள்வி: இரண்டு பெட்டி லைட் பீர் வாங்கினால் டிசம்பரில் வரும் அரிய ஸ்டவுட்டில் ஒன்று உங்களுக்கு என்று கடை உரிமையாளர் வாக்குக் கொடுத்தார். வாங்கினேன். டிசம்பரில் போனால், உரிமையாளர் ஊரில் இல்லை, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்கள். கணவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். (கொலம்பஸ், ஒஹாயோ)

பதில்: சிரிக்க இதில் ஒன்றுமில்லை என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நீங்கள் ஏமாந்தவர் அல்ல, ஏமாற்றப்பட்டவர். இந்தப் பகுதியில் நான் ஏமாற்றப்பட்டவர்கள் பக்கம்தான்.

ஒரு பொருளை வாங்கினால்தான் இன்னொன்றைத் தருவேன் என்று ப்ரூவரியோ விநியோகஸ்தரோ கடையைக் கட்டாயப்படுத்துவதை 1935ஆம் ஆண்டின் கூட்டாட்சி மதுச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகள் தடுக்கின்றன. நடைமுறையில், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, விற்காத சரக்கையும் எடுத்துக்கொண்ட கடைக்குத்தான் நல்ல பெட்டி போகிறது என்ற முணுமுணுப்பு எந்தக் கடைக்காரரிடம் பேசினாலும் கேட்கும். அவர் தலையில் கட்டப்பட்டதை அவர் உங்கள் தலையில் கட்டியிருக்கிறார். கடை நம்மிடம் அப்படிச் செய்யலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். ஆனால் கொடுத்த வாக்கைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு வாக்கை மீறுவது எந்த மாநிலத்திலும் நல்ல வியாபாரம் இல்லை. என்று, யார், என்ன சொன்னார் என்பதை ரசீதின் நகலோடு ஒரு பக்கத்தில் எழுதி உரிமையாளருக்குக் கொடுங்கள். திறக்காத பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே பக்கத்தை மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கு அனுப்புங்கள். இனிமேல் யாராவது இப்படி வாக்குக் கொடுத்தால் ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கொடுக்கும் எண்ணம் இருப்பவர் தயங்கமாட்டார்.

கேள்வி: பெரும்பாடுபட்டு வாங்கிய நான்கு கேன் ஹேஸி ஐபிஏ பீரை எட்டு மாதம் காரேஜில் பத்திரமாக வைத்திருந்தேன். திறந்தால் பழுப்பாக இருக்கிறது, நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடிக்கிறது. கடை பணத்தைத் திருப்பித் தருமா? (ஃபீனிக்ஸ்)

பதில்: தராது, தரவும் வேண்டியதில்லை. ஃபீனிக்ஸில் கோடைக்கால காரேஜ் என்பது அடுப்பு. ஐபிஏவின் உயிர், அதில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூவின் வாசனையில் இருக்கிறது. சில வாரங்களில் மங்கத் தொடங்கும் அந்த வாசனை வெப்பத்தில் இன்னும் சீக்கிரம் போய்விடும். தேதி கேனின் அடியிலேயே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் வைத்துக் குடிக்க நினைப்பவர் கனத்த ஸ்டவுட்டை வாங்கட்டும். அந்த நான்கு கேன்களை அன்றிரவே குளிரக் குளிரக் குடித்திருக்கக்கூடிய ஒருவர், உங்களுக்குப் பின்னால் நின்று வெறுங்கையோடு திரும்பியிருப்பார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

குறை ப்ரூவரியுடையதாக இருக்கும்போது விஷயமே வேறு. 2015ஆம் ஆண்டின் போர்பன் கவுன்ட்டி வகைகள் சிலவற்றில் லாக்டோபேசிலஸ் நுண்ணுயிர் புகுந்து புளித்துப்போனபோது, கூஸ் ஐலண்ட் அதை ஒப்புக்கொண்டு வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறு ஆண்டிலிருந்து பாஸ்டரைஸ் செய்யவும் தொடங்கியது. உங்கள் காரேஜுக்கு ப்ரூவரி பொறுப்பாகாது.

கேள்வி: கடைகளில் வாடிக்கையாளர்களுக்கே எடுத்து வைத்துவிடுவதால், முகநூலில் ஒருவரிடம் 180 டாலர் அனுப்பி இரண்டு பாட்டில் கேட்டேன். பேபாலில் 'நண்பர்கள், குடும்பத்தினர்' என்ற வழியில் அனுப்பச் சொன்னார். அனுப்பியபின் ஆளையே காணோம். இது இரண்டாவது முறை. (ராலி, வட கரோலினா)

பதில்: முதல் முறை என்று எழுதியிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். நானும் ஒருமுறை இப்படி அனுப்பி, அழகாகக் கட்டிய பொட்டலத்தில் பழைய நாளிதழ் சுற்றிய தண்ணீர் பாட்டில் ஒன்றைப் பெற்றுக்கொண்டவன். ஆனால் ஒருமுறைதான். அந்த வழியில் அனுப்பும் பணத்துக்கு பேபாலின் வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. அதனால்தான் அப்படி அனுப்பச் சொல்கிறார்கள். உரிமம் இல்லாமல் மது விற்பதே குற்றம்: வெர்மான்ட்டில் 2013இல் ஹெடி டாப்பர் என்ற அரிய பீரில் ஐந்து பெட்டியை 825 டாலருக்கு இணையத்தில் விற்க முயன்ற ஒருவர், வாங்குபவராக வேடமிட்ட அதிகாரிகளிடம் மாட்டிக்கொண்டார். அமெரிக்க அஞ்சல் துறையோ மதுவைப் பொட்டலத்தில் ஏற்பதே இல்லை. இப்படிப்பட்ட ஒரு பேரத்தில் பணம் போய்விட்டதென்று எந்த அலுவலகத்தில் போய் முறையிடுவீர்கள்? வங்கியிடம் கேட்டுப் பாருங்கள், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு கேளுங்கள். கடைகள் முகம் தெரிந்தவர்களுக்கு மட்டும் எடுத்து வைப்பதற்கு ஒரு காரணம், உங்களிடம் 180 டாலர் வாங்கிய அந்த ஆசாமி தங்கள் வரிசையில் வந்து நிற்பான் என்ற பயம்தான்.

கேள்வி: நான் கடைக்காரன். சிறிய கடை. அரிய பீர் வெளிவரும் நாளில் எனக்குக் கிடைப்பது 12 பாட்டில். கேட்டு வருபவர்கள் நூற்றுக்கு மேல். யாருக்குக் கொடுத்தாலும் திட்டு விழுகிறது. என்னதான் செய்யட்டும்? (எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: திட்டு நிற்காது, குறையும். எட்டுப் பாட்டில்களை வாடிக்கையாளர்களுக்கு வையுங்கள். வாடிக்கையாளர் யார் என்ற விதியைச் செப்டம்பரிலேயே கடையில் ஒட்டுங்கள். தொகையை அளவுகோலாக வைக்காதீர்கள், வந்துபோன வாரங்களை வையுங்கள். ஒரே நாளில் பெட்டி பெட்டியாக வாங்கிப் பட்டியலில் ஏறப் பார்க்கும் என்னைப் போன்ற மடையர்களிடமிருந்து அது உங்களைக் காப்பாற்றும். மீதி நான்கைப் புதியவர்களுக்குக் குலுக்கலில் கொடுங்கள். சீட்டுக்குக் காசு வாங்காதீர்கள், அது லாட்டரியாகிவிடும். குலுக்கலுக்கு முன் மாநில உரிம அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒருவருக்கு ஒன்றுதான். தனக்காக வரிசையில் நிற்க ஒருவர் அழைத்துவரும் மனைவிக்கும் மாமனாருக்கும் பீர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் கோவேறு கழுதை என்பது. அப்படி அழைத்துவருபவர்களிடம் முகம் கொடுக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறான வழியில் போகிறவர்களும் இருக்கிறார்கள். பெல்ஜியத்தின் வெஸ்ட்வ்லேடெரன் மடத்துத் துறவிகள் நெடுங்காலம் தங்கள் பீரை மடத்து வாசலில் வைத்துத்தான் விற்றார்கள். முன்பு தொலைபேசியில் பதிவு செய்து, கார் எண்ணைச் சொல்லி, அந்தக் காரிலேயே வந்து எடுத்துப்போக வேண்டும். 2019இல் இணையப் பதிவைக் கொண்டுவந்தபோது, கடைசியாக வாங்கி நெடுநாள் ஆனவருக்கே முன்னுரிமை என்று விதி வைத்தார்கள். அடிக்கடி வருபவர் அங்கே பின்னால் நிற்கவேண்டும். மடத்துக்கு அது பொருந்தும், ஏனென்றால் வாரந்தோறும் லைட் பீர் வாங்கி அவர்கள் வாடகையைக் கட்டித் தருபவர் யாருமில்லை. உங்களுக்கு இருக்கிறார்கள்.

உங்களுக்கும் கடைப்பையனுக்கும் ஒன்று ஒன்று எடுத்துக்கொள்வதாக இருந்தால் அதையும் அந்தப் பன்னிரண்டில் சேர்த்து எழுதுங்கள். இதைத்தான் எல்லாக் கடைகளும் எழுத மறக்கின்றன. அன்று காலை கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள்: வந்தது 12, வாடிக்கையாளர்களுக்கு இத்தனை, குலுக்கலுக்கு இத்தனை, கடை ஆட்களுக்கு இத்தனை. தீர்ந்ததும் அடியில் மணியைக் குறித்துவையுங்கள்.