ஈஸ்ட்ஹாமில் வீடு தேடும் முன் அத்தானின் கடனை அடைத்துவிடுங்கள்

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில் 2 பிள்ளைகளோடு வாடகைக்கு இருக்கிறோம், மாதம் 1,750 பவுண்டு. எனக்கு வயது 35, கணவருக்கு 39. இருவர் சம்பளமும் சேர்ந்து வருடம் 68,000. வங்கியில் 31,000 இருக்கிறது. 20 பேர் சேர்ந்த சீட்டில் மாதம் 500 வீதம் 14 மாதம் கட்டிவிட்டேன், இன்னும் எடுக்கவில்லை. கணவரின் அத்தானுடைய கடைக்காக 2 வருடம் முன்பு கணவர் பெயரில் 18,000 கடன் எடுத்தோம். மாதத் தவணை 370. கடந்த 5 மாதமாக அத்தான் எதுவும் தரவில்லை. வங்கியில் கேட்டால் 2,40,000 பவுண்டுதான் கடன் தருவோம் என்கிறார்கள். ஹாரோவில் சொந்த வீட்டில் இருக்கும் என் அண்ணா, 60,000 போட்டுத் தன் பெயரையும் சேர்த்துக் கூட்டாக வாங்கலாம் என்கிறார். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேர்டு ஓனர்ஷிப் (ஒரு பங்கை வாங்கி, மீதிக்கு வாடகை கட்டுவது) ஃப்ளாட் ஒன்றும் பார்த்தோம். யாழ்ப்பாணத்தில் உள்ள வீட்டை என் பெயருக்கு எழுதிவிட வேண்டும் என்று அம்மா அவசரப்படுகிறார். கோயிலும் பள்ளியும் இங்கேதான் என்பதால் ஈஸ்ட்ஹாம் இருக்கும் நியூஹாமை விட்டுப் போக மனமில்லை. எந்தப் பகுதியில் தேடலாம்?

பதில்: சகோதரி, பகுதியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். உங்களைத் தடுத்து நிற்பது ஈஸ்ட்ஹாமின் விலை மட்டும் இல்லை. அத்தானின் கடன் உங்கள் கணவர் பெயரில் இருக்கிறது. அண்ணாவின் பெயர் உங்கள் வீட்டுப் பத்திரத்தில் ஏறப் பார்க்கிறது. அம்மாவின் வீடு உங்கள் பெயருக்கு வரப் பார்க்கிறது. சொந்தத்துக்குள் பெயரை இப்படிக் கொடுத்து வாங்குவது நம்மிடையே பாசமாக நடக்கிற காரியம்தான். ஆனால் வீடு வாங்கப் போகிறவருக்கு இதைவிடச் செலவு வைக்கும் பழக்கம் வேறு இல்லை.

அத்தான் கடனிலிருந்து தொடங்குவோம். வங்கிகள் பொதுவாகச் சம்பளத்தைப் போல நாலரை மடங்கு வரை தரும். உங்கள் கணக்கில் அது 3,06,000. உங்களுக்குச் சொன்னதோ 2,40,000. பிள்ளைகளின் செலவு ஒரு பகுதி காரணம், பெரிய காரணம் அந்த 370 பவுண்டு. வட்டி 4.5 சதவீதம், காலம் 28 வருடம் என்று வைத்தால், ஒவ்வொரு 1,000 பவுண்டு வீட்டுக் கடனுக்கும் மாதம் 5 பவுண்டு சொச்சம் கட்ட வேண்டும். அப்படியென்றால் மாதம் 370 என்பது ஏறத்தாழ 70,000 பவுண்டு வீட்டுக் கடனைத் தாங்கக்கூடிய தொகை. அத்தான் பணத்தைத் தந்தாரா இல்லையா என்று வங்கி பார்க்காது. கடன் யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும்தான் பார்க்கும்.

இன்னும் 3 வருடத் தவணை இருக்கிறது. அடைக்க வேண்டிய மீதி சுமார் 12,000 இருக்கும். அத்தான் தன் பெயரில் கடன் எடுத்து இதை அடைத்துவிட்டால் நல்லது. ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள், இதை உங்கள் கணவரே அவரிடம் நேரில் பேசட்டும். நடக்கவில்லை என்றால் உங்கள் சேமிப்பிலிருந்து நீங்களே அடைத்துவிடுங்கள். முன்கூட்டி அடைக்க ஒன்றிரண்டு மாத வட்டி கூடுதலாகக் கேட்கலாம், பரவாயில்லை. 12,000 போகிறதே என்று வயிறு எரியும், தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். இப்போது உங்கள் சக்தி 2,40,000-உடன் கையிருப்பு 31,000, மொத்தம் 2,71,000. கடனை அடைத்தபின் வங்கி 2,95,000 தருகிறது என்று கொஞ்சம் குறைத்தே வைத்தாலும், மீதிச் சேமிப்பு 19,000-உடன் 3,14,000 ஆகிறது. 12,000 கொடுத்து 43,000 பெறுகிறீர்கள். அத்தான் பிறகு மெல்ல மெல்லத் தந்தால் அது வந்த லாபம். தராவிட்டால் அந்த வருத்தம் குடும்பத்துக்குள் இருக்கட்டும், வங்கியின் கணக்கில் இருக்க வேண்டாம்.

அடுத்து அண்ணா. அவர் மனம் பெரியது, அதில் சந்தேகமில்லை. அவர் சம்பளத்தையும் சேர்த்தால் 5 லட்சம் பவுண்டு வீடு எட்டும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரியான ஸ்டாம்ப் டியூட்டியைப் போட்டீர்களா? முதல் வீடு வாங்குபவருக்கு 3 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 5 லட்சம் வரை 5 சதவீதம். நீங்கள் இருவர் மட்டும் 5 லட்சத்துக்கு வாங்கினால் 10,000 பவுண்டு. அண்ணா பெயர் சேர்ந்த உடனே அந்தச் சலுகை எல்லோருக்கும் போய்விடும், சாதாரண விகிதத்தில் 15,000 ஆகும். அவருக்கு ஏற்கெனவே வீடு இருப்பதால் முழு விலைக்கும் கூடுதல் 5 சதவீதம், அது 25,000. ஆக 40,000. இதை வீடு கைமாறிய 14 நாளுக்குள் கட்ட வேண்டும். அண்ணா தரும் 60,000-இல் பாதி, அவர் பெயரைச் சேர்த்த காரணத்துக்காகவே அரசாங்கத்துக்குப் போகிறது.

அவர் உதவ விரும்பினால் பத்திரத்தில் பெயரில்லாமல் அன்பளிப்பாகத் தரலாம். திருப்பிக் கேட்கமாட்டேன், வீட்டில் உரிமை கோரமாட்டேன் என்று வங்கிக்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். ஆனால் உள்ளுக்குள் அது கைமாற்று, 4 வருடத்தில் திருப்பித் தர வேண்டியது என்றால், அந்தக் கடிதத்தில் அவரைக் கையெழுத்துப் போட வைக்காதீர்கள். அது வங்கிக்குச் சொல்லும் பொய், சட்டப்படி குற்றம். கடனில் மட்டும் அவர் பெயர், பத்திரத்தில் இல்லை என்று ஒரு வகை மோர்ட்கேஜும் இருக்கிறது. கூடுதல் வரி வராது என்று தரகர்கள் அதைத்தான் சொல்வார்கள். நீங்கள் தவணை தவறினால் வங்கி அண்ணாவிடம் போகும். இன்று அத்தான் உங்களுக்குச் செய்வதை நாளை நீங்கள் அண்ணாவுக்குச் செய்யும் நிலை வரலாம். வேண்டாம்.

அம்மாவின் வீட்டு விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனென்றால் இதை யாரும் வரியோடு சேர்த்து யோசிப்பதில்லை. உலகத்தில் எங்கே ஒரு வீடு உங்கள் பெயரில் இருந்தாலும், அது நன்கொடை உறுதியில் (பத்திரத்தில்) வந்ததாக இருந்தாலும், இங்கிலாந்தில் நீங்கள் முதல் வீடு வாங்குபவர் இல்லை. சலுகை போகும். உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ என்றால் அந்தக் கூடுதல் 5 சதவீதமும் வரும். கணவர் பெயரில் மட்டும் வாங்கித் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். கூடுதல் வரிக்குக் கணவன் மனைவியை ஒன்றாகத்தான் பார்ப்பார்கள். 3,40,000 வீட்டுக்கு அது மட்டும் 17,000. வெறும் காணி என்றால் வேறு விஷயம், வீடு இருப்பதுதான் சிக்கல். இங்கே வாங்கி முடிக்கும்வரை உறுதி எழுத வேண்டாம் என்று அம்மாவிடம் அன்பாகச் சொல்லுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதுதான் அவர் அவசரம் என்றால், அதற்கு ஆள் வைக்கலாம், உறுதி தேவையில்லை.

சீட்டைப் பாதியில் விடாதீர்கள். மற்ற 19 பேரும் உங்களை நம்பித்தான் கட்டுகிறார்கள். மீதி 6 மாதத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகக் கட்டுங்கள். முடியும்போது 10,000 வரும், அதையும் வங்கி வழியாகவே வாங்குங்கள். இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் (வீடு வாங்குவதைக் கவனிக்கும் வழக்கறிஞர்) கேட்காமல் விடமாட்டார், அப்போது காட்ட ஏதாவது இருக்க வேண்டும். அப்புறம் புதுச் சீட்டுச் சேராதீர்கள். நடத்துபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வங்கிச் சேமிப்புக்கு இருக்கும் இழப்பீட்டுப் பாதுகாப்பு சீட்டுக்குக் கிடையாது.

அந்த 500 போக வேண்டிய இடம் லைஃப்டைம் ஐசா என்ற சேமிப்புக் கணக்கு. ஒருவர் வருடம் 4,000 வரை போடலாம், அரசு 25 சதவீதம் சேர்க்கும். 4,50,000-க்குள் முதல் வீடு வாங்கினால்தான் பலன், கணக்குத் தொடங்கி ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். வேறு செலவுக்கு எடுத்தால் போட்டதிலேயே கொஞ்சம் குறையும்: 4,000 போட்டு 5,000 ஆனதை எடுத்தால் கையில் 3,750தான்.

2 வருடக் கணக்கை மேலோட்டமாகப் போடுகிறேன். மீதிச் சேமிப்பு 19,000. சீட்டு முடிந்து 10,000. பிறகு 18 மாதம் 500 வீதம் 9,000. அத்தான் தவணை நின்றதில் மிஞ்சும் 370-இல் 2 வருடத்தில் கிட்டத்தட்ட 9,000. இதில் 16,000-ஐ ஐசா வழியாகக் கொண்டுபோனால் அரசு தருவது 4,000. மொத்தம் 51,000. வங்கிக் கடன் 2,95,000. வரி, சொலிசிட்டர், சர்வே (வீட்டின் நிலையைச் சோதிப்பது) என்று 6,000 ஒதுக்கினால் 3,40,000 வீடு உங்கள் கைக்குள் வரும். தவணை 1,550 அளவில், இன்றைய வாடகையைவிடக் குறைவு.

ஷேர்டு ஓனர்ஷிப் பற்றி என் பொறுமை குறைந்துகொண்டே வருகிறது. அழகான லாபியைக் காட்டுகிறார்கள். 4,80,000 ஃப்ளாட்டில் 30 சதவீதம் வாங்குவதாக வைப்போம். உங்கள் பங்குக்கு மோர்ட்கேஜ் மாதம் 680. மீதி 70 சதவீதத்துக்கு 2.75 சதவீதம் வாடகை, மாதம் 770. கட்டடப் பராமரிப்புக்கான சர்வீஸ் சார்ஜ் 250 என்றால் மொத்தம் 1,700. இப்போது கட்டும் வாடகை அளவே கட்டிவிட்டு, 30 சதவீதத்துக்குச் சொந்தக்காரர். ஆனால் சர்வீஸ் சார்ஜை 100 சதவீதமும் நீங்கள்தான் கட்ட வேண்டும், வாடகையும் வருடாவருடம் ஏறும். வேறு வழியே இல்லாதவருக்கு இது ஒரு வழி. உங்களுக்கு வேறு வழி இருக்கிறது.

சரி, பகுதி. 3,40,000-க்குள் ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த் பக்கம் 3 அறை வீடு கிடைக்காது. 2022-இல் திறந்த எலிசபெத் லைன் ரயில் பாதையின் நிலையங்களை ஒட்டிய மேனர் பார்க், ஃபாரஸ்ட் கேட் தெருக்களும் கை கொடுக்காது. நியூஹாமுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றால் பெக்டன், பிளெஸ்டோ பக்கம் 2 அறை ஃப்ளாட் பாருங்கள். லீஸில் (ஃப்ளாட்டின் குத்தகைக் காலத்தில்) 100 வருடத்துக்கு மேல் மீதி இருக்க வேண்டும், 80-ஐ நெருங்குவதைத் தொடவே வேண்டாம். கவுன்சில் கட்டடம் என்றால் கூரை, லிஃப்ட் வேலை எதுவும் வரப்போகிறதா என்று எழுத்தில் கேளுங்கள், அந்த பில்லில் உங்கள் பங்கு ஆயிரக்கணக்கில் வரலாம்.

என்னைக் கேட்டால் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் பாதையில் கொஞ்சம் கிழக்கே போய்ப் பாருங்கள். ஈஸ்ட்ஹாமிலிருந்து பார்க்கிங், அப்னி நிலையங்களைத் தாண்டினால் மூன்றாவது பெக்கன்ட்ரீ. 1921 முதல் 1935 வரை லண்டன் கவுன்ட்டி கவுன்சில் கட்டிய பெரிய குடியிருப்பு அங்கே இருக்கிறது, தோட்டத்தோடு கூடிய ஃப்ரீஹோல்ட் (நிலமும் நமக்கே சொந்தமான) வீடுகள். வேலை செய்ய வேண்டிய பழைய 2 அறை வீடு உங்கள் தொகைக்கு எட்டக்கூடியது அங்கேதான். முழு சர்வே எடுக்காமல் வாங்காதீர்கள். வெள்ளிக்கிழமை சர்ச் ரோடு முருகன் கோயிலுக்கு ரயிலில் வந்துவிடலாம். பிள்ளைகளின் பள்ளி மாறுவதுதான் உண்மையான இழப்பு, அதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

ஒன்று மட்டும் காத்திருக்காது. லைஃப்டைம் ஐசாவை 40-வது பிறந்தநாளுக்கு முன் தொடங்கியாக வேண்டும். உங்கள் கணவர் இந்த வாரமே 100 பவுண்டு போட்டாவது கணக்கைத் திறக்கட்டும், நீங்களும் கூடவே திறந்துவிடுங்கள். வரி வருடம் ஏப்ரல் 5-ஆம் தேதி முடிகிறது, அதற்குள் முடிந்த அளவு போடுங்கள்.