சிங்கம் வேண்டாம், ஆடு போதும்

கேள்வி: திண்டுக்கல் பக்கம் சிறிய மழலையர் பள்ளி ஒன்று நடத்துகிறேன். மூன்று வயது முதல் நாலரை வயது வரை 22 பிள்ளைகள். அக்டோபர் 4, உலக விலங்குகள் தினத்தன்று ஏதாவது செய்ய ஆசை. போன வருடம் மாறுவேடப் போட்டி வைத்தோம். சிங்க முகமூடி மாட்டி வந்தவரைப் பார்த்துப் பாதிப் பேர் அழுதுவிட்டார்கள். இந்த முறை கிளி, முயல், வெள்ளெலி என்று நிஜப் பிராணிகளையே கொண்டுவரலாம் என்கிறார் கூட வேலை பார்க்கும் டீச்சர். செய்யலாமா?

பதில்: அழுத பிள்ளைகள் மேல் தப்பில்லை, டீச்சர். உள்ளே இருப்பது தெரிந்த மாமாதான் என்பதெல்லாம் மூன்று வயதில் எடுபடாது. முகம் மாறினால் ஆளே மாறிவிட்டார், அவ்வளவுதான்.

கிளியைப் பட்டியலிலிருந்து முதலில் அடித்துவிடுங்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முயலும் வெள்ளெலியும் பயந்த சுபாவம். 22 பேர் கை மாறினால் பிராண்டும், கடிக்கும். அப்புறம் அந்த நாள் ஊசி போடுகிற நாளாகிவிடும்.

ஒரே ஒரு பிராணி போதும் என்பேன். அதுவும் ஆடு. பால்வாடியில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். சுவரில் பத்து விலங்குப் படம் ஒட்டி ஒப்பிக்க வைத்ததெல்லாம் மறுநாளே காற்றில் போயிருக்கிறது. ஒரு ஆட்டுக்குட்டி வந்த நாளை மட்டும் பிள்ளைகள் அடுத்த பொங்கல் வரை பேசினார்கள். உங்கள் பிள்ளைகள் தெருவில் ஆட்டை தினமும் பார்க்கிறவர்கள்தான். ஆனால் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

தெரிந்த ஆட்டுக்காரரிடம் சொல்லி, மனிதர்களிடம் பழகிய வெள்ளாடு ஒன்றையும், இரண்டு மூன்று மாதக் குட்டி ஒன்றையும் ஓட்டிவரச் சொல்லுங்கள். அன்றைக்கு அவர்தான் டீச்சர். புதிதாக ஈன்ற தாயாடு வேண்டாம், முட்டும். அகத்திக் குழை ஒரு கட்டு வாங்கி, ஆட்டின் தலைக்கு மேலே எட்டுகிற உயரத்தில் கட்டிவிடுங்கள். எம்பி, முன்னங்கால் இரண்டையும் சுவரில் ஊன்றி அது இலையை இழுக்கும்போது பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். நீங்கள் பேசவே வேண்டியதில்லை.

ஐந்தைந்து பேராகக் கிட்டே அழைத்துப்போங்கள். கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். நமக்குக் கருவிழியின் நடுவில் வட்டமாக இருப்பது, ஆட்டுக்கு உண்டியல் துவாரம் மாதிரி படுக்கையாக இருக்கும். ஆட்டுக்காரர் உதட்டைத் தூக்கிக் காட்டினால் இன்னொரு அதிசயம்: மேல் வரிசையில் முன்பல்லே கிடையாது, கெட்டியான ஈறுதான். "பாட்டிக்கு மாதிரி" என்று யாராவது ஒரு வாண்டு சொல்லும். தின்று முடித்துப் படுத்த ஆடு அசைபோடுவதை இரண்டு நிமிடம் சும்மா பார்க்கட்டும். அசைபோடு என்ற வார்த்தையை அந்த இடத்திலேயே கொடுத்துவிடுங்கள், ஒட்டிக்கொள்ளும். புழுக்கை போட்டால் மூக்கைப் பொத்தி விரட்டாதீர்கள். மாட்டுக்குச் சாணம், ஆட்டுக்குப் புழுக்கை, காக்காய்க்கு எச்சம். அன்றைக்கு இதைவிடச் சிரிப்பான பாடம் இருக்காது.

தொட விரும்புகிற பிள்ளை முதுகைத் தடவட்டும். முகத்தருகே கை வேண்டாம். பயப்படுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொட வைக்காதீர்கள், தூரத்திலிருந்து பார்ப்பதும் பார்ப்பதுதான். ஆடு இருக்கிற இடத்தில் பிஸ்கட், டிபன் எதுவும் கூடாது. முடிந்ததும் எல்லோர் கையையும் சோப்புப் போட்டு நீங்களே கழுவிவிடுங்கள். இந்த வயதில் விரல் நேரே வாய்க்குத்தான் போகும். இளைப்பு, அலர்ஜி இருக்கிற பிள்ளை யாராவது உண்டா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "இதை வெட்டிருவாங்களா?" நான் ஒருமுறை அவசரப்பட்டு "சேச்சே, இல்லடா" என்றேன். கேட்டவனுக்குப் பக்கத்தில் இருந்தவன், "எங்கப்பா வெட்டுவாரே, எங்களுக்குக் கறிக்கடை இருக்கே" என்றான் பெருமையாக. அதற்குப் பிறகு பொய் சொல்வதில்லை. சில வீட்டில் பாலுக்கு வளர்ப்பார்கள், சில வீட்டில் கறிக்கு வளர்ப்பார்கள் என்பேன். அவ்வளவில் விட்டுவிட்டால் பிள்ளைகளும் விட்டுவிடுவார்கள்.

ஆடு போன பிறகு பெரிதாக எதுவும் தேவையில்லை. ஆடு மாதிரி துள்ளுவது, பூனை மாதிரி சத்தமில்லாமல் நடப்பது, கத்துவது, குரைப்பது எல்லாம் அரை மணி நேரம் தாங்கும். ஆட்டுக்குக் குட்டி, மாட்டுக்குக் கன்று, கோழிக்குக் குஞ்சு என்று விளையாட்டோடு சொல்லுங்கள். அணிலுக்கு மட்டும் பிள்ளை என்றால் "அப்போ நானும் அணிலா?" என்பார்கள். ஆமாம் என்றே சொல்லிவிடலாம்.

வேடம் கேட்கும் பெற்றோரிடம் பழைய துண்டு ஒன்று மட்டும் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். இடுப்பில் செருகினால் வால். முகம் மூடாத வரை யாரும் அழ மாட்டார்கள், வாட்ஸ்அப்புக்குப் படமும் கிடைத்துவிடும்.

தேதியைப் பிடித்துத் தொங்காதீர்கள். காலாண்டு விடுமுறை, காந்தி ஜெயந்தி, சில வருடம் ஆயுத பூஜையும் சேர்ந்து என்று அந்த வாரத்தில் பாதிப் பேர் ஊரிலேயே இருக்க மாட்டார்கள். வேறொரு நாளாகப் பார்த்து, காலை 9.30-க்கே ஆட்டை வரவழைத்து, வெயில் ஏறுமுன் அனுப்பிவிடுங்கள். அதற்கு முதல் நாளே சுவரில் இருக்கும் சார்ட்டையெல்லாம் உயரத்தில் மாட்டிவிடுங்கள். எங்கள் பால்வாடியில் உயிரெழுத்து அட்டையில் 'அ' முதல் 'ஊ' வரை ஆடு தின்றுவிட்டது.