கேளுங்க, சொல்றேன்: வாய் திறக்காததுக்கு மார்க் போகுமா?

கேள்வி: பொண்ணு அமெரிக்காவுல லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்ல சேரப்போறேங்குறா. ஸ்கூல் கடைசிப் பரீட்சை எச்.எஸ்.சி.ல மேத்ஸ், கெமிஸ்ட்ரி எடுத்தவ, அங்க போயி படமா வரையப்போறா? நீங்கதாம்மா சொல்லணும்.
– ஒரு அப்பா, ரோஸ் ஹில், மொரிஷியஸ்

படம் வரையறது இல்லண்ணே. லிபரல் ஆர்ட்ஸ்னு அந்தக் காலத்து லிஸ்ட்ல இருந்தது ஏழு: இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை, கணக்கு, வடிவியல், இசை, வானியல். இப்ப கெமிஸ்ட்ரியோட தத்துவமும் சேத்துப் படிக்கலாம், மேஜர், அதான் முக்கியப் பாடம், என்னன்னு ரெண்டாவது வருஷக் கடைசியில சொன்னாப் போதும், நம்ம மொரிஷியஸ்ல லோயர் சிக்ஸ், அதான் எச்.எஸ்.சி. படிப்போட முதல் வருஷம், போகும்போதே முடிவு பண்ணச் சொல்றோமே, அந்த அவசரம் அங்க இல்ல. காசு விஷயம்தான் பாக்கணும். குடும்ப வசதியப் பாக்காம வெளிநாட்டுப் பிள்ளைக்கு சீட்டும் குடுத்து, தேவையான உதவி முழுசும் குடுக்குற காலேஜ் விரல் விட்டு எண்ணுற அளவுதான், ஆம்ஹர்ஸ்ட் அதுல ஒண்ணு. மத்த நிறைய இடத்துல எவ்ளோ உதவி கேக்குறோங்கறதே சீட்டைப் பாதிக்கும்.

கேள்வி: அக்கா, அமெரிக்காவுல சின்ன காலேஜ், ஃபர்ஸ்ட் செமஸ்டர். கிளாஸ்ல மொத்தம் 14 பேரு, வட்டமா உக்காருவோம். பதில் எனக்குத் தெரியும், ஆனா நம்ம ஊர் பேச்சு க்ரியோல்ல யோசிச்சு இங்கிலீஷ்ல கட்டி முடிக்கறதுக்குள்ள வேற யாராவது சொல்லிடறாங்க. கட்டுரைக்கு பி ப்ளஸ் வந்துச்சு, பேசலேன்னு மொத்தத்துல பி மைனஸ் ஆக்கிட்டாங்க. அம்மாகிட்ட சொல்லவா?
– காத்ர் போர்ன் பொண்ணு

ஐயோ இது என் கதைடி. டியூஷன்ல சார் சொல்லச் சொல்ல எழுதி, பழைய கேள்வித்தாளைப் போட்டுப் போட்டு வளந்தவங்க நாம, நடுவுல கேள்வி கேட்டா பின் பெஞ்சுல உச்சுக் கொட்டுவாங்க. எச்.எஸ்.சி. பேப்பரைத் திருத்துற கேம்பிரிட்ஜ் ஆளுக்கு உன் மூஞ்சியே தெரியாது, எழுதுனது மட்டும்தான் நீ. அங்க மார்க் போடுறவரு எதுத்தாப்புல உக்காந்திருக்காரு, நீ சும்மா இருந்தா அவரு அடக்கம்னு நெனைக்க மாட்டாரு, படிக்காம வந்துட்டான்னு நெனைப்பாரு. வில்லியம்ஸ் காலேஜ்ல டுட்டோரியல்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு ஸ்டூடண்ட் ஒரு ப்ரொஃபசர், இந்த வாரம் நீ எழுதுனா இன்னொருத்தர் குறை சொல்லணும், அடுத்த வாரம் மாத்தி. அங்க நீயும் நானும் என்ன ஆயிருப்போம்!

பதில் சொல்லவே வேணாம், கேள்வி கேளு. படிக்கும்போதே புரியாத ஒரு வரிய அடிக்கோடு போட்டு, கேள்விய அப்பவே இங்கிலீஷ்ல ஓரத்துல எழுதி வச்சுக்கோ, கிளாஸ் ஆரம்பிச்ச முதல் பத்து நிமிஷத்துல அத வாசிச்சுடு, நேரம் போகப்போக வாய் இன்னும் இறுகிப்போகும். அப்புறம் ஆபீஸ் அவர்ஸ், ப்ரொஃபசர் தன் ரூம்ல ஸ்டூடண்டுகளப் பாக்குற நேரம். ஃபெயில் ஆகுறவங்கதான் போவாங்கன்னு நான் ஒரு வருஷம் போகவே இல்ல, முட்டாள்தனம். அந்த நேரம் அவரு உங்களுக்காகத்தான் கதவைத் திறந்து வச்சிருக்காரு. "மூணாவது பக்கம் புரியல"ன்னு போய் நில்லு, போதும். க்ரியோல்ல யோசிக்கறதையும் அவருகிட்டயே சொல்லு, கூச்சப்படாத.

அம்மா விஷயம். அங்க மார்க் வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க, உனக்கு மட்டும்தான் வரும், அதனால சொல்லாமலே தப்பிக்கலாம். ஆனா குளிர்காலத்துல அங்க கிழக்குக் கரையில காலைல ஒம்பதுன்னா இங்க சாயங்காலம் ஆறு ஆயிடுது, அம்மா விளக்கேத்திட்டு ஃபோன் பண்ற நேரம் நீ கிளாஸுக்கு ஓடிட்டு இருப்ப, அந்த அவசரத்துல மட்டும் சொல்லிடாத. ஞாயித்துக்கிழமை சொல்லு.