நாலு காலும் தரையில நிக்கட்டும்: செல்லப்பிராணி கேள்வி பதில்

அண்ணாச்சி, எங்க வீட்ல ஒன்றரை வயசு லேப்ரடார் நாய் ஒண்ணு இருக்கு. ரொம்ப பாசக்காரன், ஆனா யாரு வந்தாலும் ரெண்டு காலையும் தூக்கி நெஞ்சுல வச்சிருதான், எங்க அத்தைக்கு எழுவது வயசு, இவனுக்குப் பயந்துக்கிட்டே தார்சாவுக்கு வர மாட்டேங்காவ. எனக்கு ஒரு ஆசை, பக்கத்துல ஒரு முதியோர் இல்லம் இருக்கு, அங்க இவனை கூட்டிட்டுப் போனா அவங்களுக்கு சந்தோசமா இருக்கும்லா. ஆறுதல் குடுக்குற தெரபி டாக்னு சொல்லுதாவளே, அப்படி இவனை பழக்க முடியுமா?
– வாசகி, பாளையங்கோட்டை

முடியும் தங்கச்சி. ஆனா முதியோர் இல்லத்துக்குப் போறதுக்கு முன்ன உங்க அத்தை பயமில்லாம தார்சால உக்காந்து காப்பி குடிக்கணும். வீட்ல உள்ள எழுவது வயசு ஆளுக்கே அவன் ஆபத்துன்னா அங்க எம்பது தொண்ணூறு வயசுல எலும்பு தேஞ்சு இருக்கவங்க மேல பாஞ்சா என்ன ஆகும், ஒரு தடவ இடுப்பெலும்பு ஒடிஞ்சா அந்த வயசுல எந்திரிச்சு நடக்குறது பெரும்பாடு. அதனால மொதல்ல இந்தப் பாயுறத நிப்பாட்டுவோம்.

அவன் ஏன் பாயுதான்னா, குட்டில பாயும்போது எல்லாரும் தூக்கி கொஞ்சிருப்பீங்க, அது மனசுல நின்னுட்டு. இப்ப முப்பது கிலோ ஆனதும் தள்ளுதோம், கத்துதோம், காலைப் புடிச்சு எறக்கி விடுதோம், அவனுக்கு அதுவும் ஒரு கவனிப்புதான், ஏசுனாலும் அவனுக்கு லாபம்தான். அதனால பாஞ்சா ஒண்ணுமே கெடைக்காது, நாலு காலும் தரையில இருந்தா எல்லாம் கெடைக்கும்னு மாத்தணும். கயித்த ஜன்னல் கம்பில கட்டிருங்க. வீட்டு ஆள் ஒருத்தர் வெளிய போயிட்டு உள்ள வரட்டும். முன்னங்கால தூக்குன உடனே வாறவங்க ஒரு வார்த்த பேசாம திரும்பி நின்னுக்கிடணும். கால் தரைக்கு வந்த அந்த நொடியே "குட்"னு சொல்லி, உப்பு போடாம அவிச்ச கோழி ஒரு சின்ன துண்டு, அதையும் தரையில வச்சு குடுங்க, கைய ஒசத்தி குடுத்தா திரும்ப எம்புவான். ரெண்டு செகண்டு தாமதிச்சாலும் எதுக்கு குடுத்தீங்கன்னு அவனுக்கு வெளங்காது. அஞ்சு நிமிசம் போதும், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ. வீட்ல எல்லாரும் இதையே செய்யணும், சாயங்காலம் பையன் வந்து ஏறு ஏறுன்னு வெளையாண்டா காலைல நீங்க பட்ட பாடு போச்சு.

இன்னொண்ணு இருக்கு, அத யாரும் செய்யுறதில்ல. நாய் சேட்டை பண்ணுனாத்தான் நாம திரும்பிப் பாக்கோம், அது பாட்டுக்கு பட்டாசல் மூலைல படுத்துக்கிடந்தா கண்டுக்கிடுததே இல்ல. அப்படி சும்மா கெடக்கும்போதுதான் பைய போயி காலுக்குப் பக்கத்துல ஒரு துண்ட போட்டுட்டு வரணும். சிட், ஷேக் ஹேண்ட் எல்லாம் ஒரு வாரத்துல படிச்சிரும், சும்மா இருக்க படிக்கத்தான் மாசக்கணக்காகும், அந்த சும்மா இருக்குற குணம்தான் தெரபி நாய்க்கு உயிரே. நோயாளி பக்கத்துல போயி வித்தை காட்டணும்னு யாரும் எதிர்பாக்கல, தலைய மடில வச்சிக்கிட்டு அரை மணி நேரம் தடவ விட்டா போதும்.

இதுல ஒரு கொழப்பம் பலருக்கு இருக்கு. பார்வை இல்லாதவங்களுக்கு வழிகாட்டுற நாய் ஒரே ஆளுக்குன்னு பழக்குன நாய், அந்தப் பயிற்சி வேற. தெரபி நாய்ங்கிறது நம்ம வீட்டு நாய், நம்ம கூட போயி பிறத்தியாருக்கு ஆறுதல் குடுத்துட்டு நம்ம கூடயே திரும்பி வாறது. அமெரிக்கால எலைன் ஸ்மித்னு ஒரு நர்ஸ் 1976ல இதுக்குன்னே ஒரு அமைப்பு தொடங்குனாங்க. ஹாங்காங்ல ஜில் ராபின்சன் 1991ல மேக்ஸ்ங்கிற தன்னோட கோல்டன் ரெட்ரீவர ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயி டாக்டர் டாக்னு ஒரு திட்டமே உருவாக்குனாங்க. இப்படி கூட்டிட்டுப் போறதுக்கு முன்ன நாய் என்ன தெரிஞ்சிருக்கணும்னு பாக்க, நாய் இனங்கள பதிவு பண்ணுற அமெரிக்கன் கென்னல் கிளப் 1989ல இருந்து கேனைன் குட் சிட்டிசன்னு ஒரு பரீட்சை வச்சிருக்கு, மொத்தம் 10 சோதனை. தெரியாத ஆள் வந்து உங்ககிட்ட பேசும்போது அமைதியா நிக்குறது, உக்காந்து தடவ விடுறது, காதையும் காலையும் புடிச்சுப் பாக்க விடுறது, கயித்த இழுக்காம நடக்குறது, கூட்டத்துக்குள்ள போறது, கூப்புட்டா வாறது, இன்னொரு நாயப் பாத்தா துள்ளாம இருக்குறது, நீங்க மூணு நிமிசம் கண்ணுல படாம போனாலும் கத்தாம நிக்குறது, இந்த மாதிரி. அத ஒரு தாள்ல எழுதி பிரிட்ஜ் மேல ஒட்டிக்கிடுங்க, நல்ல வழிகாட்டி.

முதியோர் இல்லத்துக்குன்னு தனியா சிலது வேணும். கைத்தடி, வாக்கர், வீல்சேர் சத்தம், சில்வர் டம்ளர் கீழ விழுற சத்தம், வழுக்குற டைல்ஸ் தரை. அத்தையோட கைத்தடிய எடுத்து பட்டாசல்ல சும்மா சாத்தி வைங்க, அவன் போயி மோந்து பாக்கட்டும், அப்புறம் நீங்களே அத ஊனி பைய நடங்க. எல்லாத்தவிட முக்கியம் "விடு"ங்கிற சொல். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை நடுங்குற கையில இருந்து தரையில உருளும், நம்ம ஆளு லபக்னு முழுங்கிட்டா உயிருக்கே ஆபத்து. ஒரு துண்ட கைக்குள்ள மூடி மூக்குக்கு நேரா காட்டுங்க. நக்குவான், சொரண்டுவான், மூக்க வச்சி முட்டுவான், கைய தொறக்காதீங்க, ஏசவும் வேண்டாம். ஒரு கட்டத்துல சலிச்சுப்போயி மொகத்த பின்னால இழுப்பான் பாருங்க, அப்ப "குட்"னு சொல்லி மறு கையில இருந்து வேற துண்டு குடுங்க. கையில இருந்தது அவனுக்கு கெடைக்கவே கூடாது. இது பழகுனதும் கைய மூடுறதுக்கு முன்னாடி "விடு"ன்னு சொல்ல ஆரம்பிங்க, அப்புறம் துண்ட தரையில வச்சி கையால பொத்துங்க, அப்புறம் கைய எடுத்துப் பாருங்க.

இவ்வளவும் படிச்ச பெறகும் அவனுக்கு அங்க இருக்கப் பிடிக்கலன்னா விட்டுருங்க தங்கச்சி. இதத்தான் நான் எல்லார்கிட்டயும் கெஞ்சிக் கேக்கேன். தூக்கம் வராமலே கொட்டாவி விடுதான், சும்மா சும்மா உதட்ட நக்குதான், மொகத்த திருப்பி கண்ணோரமா வெள்ளை தெரிய பாக்கான், வால உள்ள வைக்கான்னா எனக்கு போதும்னு சொல்லுதான்னு அர்த்தம். உறுமுனா அடிக்காதீங்க, உறுமல் ஒரு எச்சரிக்கை, அத அடிச்சு நிப்பாட்டுனா அடுத்த தடவ சொல்லாம கடிப்பான். தானா போயி ஆள் பக்கத்துல ஒட்டி நிக்குற நாய்தான் இந்த வேலைக்கு, நம்ம ஆசைக்காக இழுத்துட்டுப் போக்கூடாது. மொதல்ல அரை மணி நேரம் போதும், வெளிநாட்டு அமைப்புகளே ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல விடுறதில்ல.

போறதுக்கு முன்ன திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரில காட்டி ரேபிஸ் ஊசி, பூச்சி மருந்து எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க. நகத்த வெட்டி அரத்தால தேச்சிருங்க, வயசானவங்க தோல் மெல்லிசு, லேசா பட்டாலும் கிழிஞ்சிரும். இல்லத்துல யாருக்கு அலர்ஜி, யாருக்கு பயம், யாருக்கு வழிபாட்டு முறைக்கு ஒத்துவராதுன்னு கேட்டுட்டு, வேணும்னு சொல்லுதவங்ககிட்ட மட்டும் போங்க.

அண்ணாச்சி, நான் கன்னி இனத்து நாய் ஒண்ணு வளக்கேன், பத்து மாசம். ஆட்டக் கண்டா ஓடிருது, கோழிய புடிச்சிருது, ஊர்ல சண்டை. ஒருத்தர் முள்ளு சங்கிலி போட்டு நாலு அடி போட்டா சரியாயிரும்ங்காரு. இதையெல்லாம் தெரபிக்கு பழக்க முடியுமா?
– வாசகர், சங்கரன்கோவில்

தம்பி, மொதல்ல அந்த முள்ளு சங்கிலிய தூரப் போடுங்க. கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால பாத்து வெரட்டுற இனம், முயல் வேட்டைக்குன்னு நம்ம கரிசக்காட்டு ஆளுங்க தலைமுறை தலைமுறையா பாத்துப் பாத்து வளத்தது. வேட்டைய 1972 வன உயிரினச் சட்டம் நிப்பாட்டிட்டு, ஆனா ரத்தத்துல உள்ளது எங்க போகும். ஆடு ஓடுன கணத்துல அதுக்கு காது கேக்காது. அடிச்சா என்ன நடக்கும்னா, ஆட்ட பாக்கும்போதெல்லாம் வலி வருதுன்னு ஆட்டு மேல இன்னும் ஆத்திரம் கூடும், இல்லன்னா உங்க கைய கண்டா பயப்படும். கன்னி அடி தாங்காத சாதி, ஒரு தடவ நம்பிக்க போச்சுன்னா திரும்ப வாறது கஷ்டம்.

பத்து மீட்டர் கயிறு வாங்குங்க, கழுத்துப்பட்டை வேண்டாம், தலை சின்னது, கழுத்து நீளம், பின்னால இழுத்து உருவிட்டு ஓடிரும், நெஞ்சோட சேத்து மாட்டுற ஹார்னஸ் போடுங்க. ஆடு ரொம்ப தூரத்துல, பொட்டு மாதிரி தெரியுற தூரத்துல நின்னு பேர சொல்லி கூப்புடுங்க, திரும்பிப் பாத்தா கோழித்துண்டு, அது பழகப் பழக ஆட்டுக்கும் அதுக்கும் உள்ள தூரத்த பைய கொறைங்க, வாரக்கணக்குல. தெனமும் வெயில் ஏறுமுன்ன வேலி அடைச்ச எடத்துல ஓட விடுங்க, ஓடாத கன்னி எந்தப் பாடமும் படிக்காது.

தெரபின்னா, பொதுவா கன்னி வேத்தாள்கிட்ட ஒதுங்கி நிக்கும், அது கொறை இல்ல, குணம். ஒண்ணு ரெண்டு தானா ஒட்டும், ஒட்டலன்னா விட்டுருங்க. ராஜபாளையம் நாய்க்கு 2005ல தபால்தலையே வந்துச்சு, நம்ம மண்ணு நாய்க்கு மதிப்பு கொறச்சல் ஒண்ணும் இல்ல, எல்லாரையும் கொஞ்ச விட்டாத்தான் நல்ல நாய்னு கெடையாது.

தெருவுல கெடந்த குட்டி ஒண்ண எடுத்துட்டு வந்தோம், ரெண்டு மாசம் இருக்கும். நாட்டு நாய் நல்லா பழகுமா? கைய கடிச்சு கடிச்சு வெளையாடுது, கீறலும் விழுது.
– வாசகி, வள்ளியூர்

அருமையா பழகும். மூணு வாரத்துல இருந்து பதினாலு வாரம் வரைக்கும் என்னென்ன பாக்குதோ அதுதான் ஆயுசுக்கும் அதுக்கு உலகம், அதனால மிக்சி, பைக், தொப்பி போட்டவங்க, தாடி வச்சவங்க, சின்னப்புள்ளைங்க எல்லாத்தையும் மடில வச்சே காட்டுங்க, ஊசி முடியுற வரைக்கும் தெருவுல எறக்காதீங்க. கடிச்சா வெளையாட்ட நிப்பாட்டி எந்திரிச்சிப் போயிருங்க, கடிக்க ஒரு பழைய துணிய முடிச்சு போட்டு குடுங்க. ஆனா தெருக்குட்டி பல்லு பட்டு கீறல் விழுந்துச்சுன்னா குட்டிதானேன்னு இருக்காதீங்க, சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிசம் கழுவிட்டு அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க, ஊசி அங்க இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீங்க. குட்டிக்கு மூணு மாசத்துல ரேபிஸ் ஊசி.

என் பையனுக்கு ஏழு வயசு, ஆட்டிசம். நாய் வாங்கி விட்டா பேச்சு வந்துரும்னு சொந்தக்காரங்க சொல்லுதாவ. வாங்கட்டுமா?
– வாசகி, தென்காசி

அம்மா, அந்த நம்பிக்கைல வாங்க வேண்டாம். போரிஸ் லெவின்சன்னு நியூயார்க்ல ஒரு குழந்தை மனநல நிபுணர், 1960கள்ல இதப் பத்தி மொதல்ல எழுதுனவர். யார்கிட்டயும் ஒட்டாத ஒரு பையன் நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டான், டாக்டரோட நாய் ஜிங்கிள்ஸ் அந்த ரூம்லயே இருந்துச்சு, பையன் நாய்கிட்ட ஒட்டுனான், அது வழியா பைய டாக்டர்கிட்டயும் ஒட்டுனான். நாய் கதவத் தொறந்துச்சு, வைத்தியம் பாத்தது டாக்டர்தான். நடுவுல உள்ள அந்த டாக்டர விட்டுட்டு நாய மட்டும் சொல்லுதாவ நம்ம ஆளுங்க.

தெரிஞ்சவங்க வீட்ல வயசான, அமைதியான நாய் இருந்தா ஒரு நாள் கூட்டிட்டுப் போயி தள்ளி உக்கார வைங்க. சில புள்ளைங்களுக்கு குரைக்குற சத்தம் காதுல ஊசி குத்துன மாதிரி இருக்கும், சில புள்ளைங்க தானா போயி முதுகுல கை வைக்கும். பையன் வாலப் புடிச்சு இழுத்தா நாய்க்கும் வலிக்கும், அதனால ரெண்டு பேரையும் தனியா விடவே கூடாது. பிடிச்சிருந்தா அவனோட ஸ்பீச் தெரபிஸ்ட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, நடக்குற பயிற்சிய ஒரு நாளும் விடாதீங்க. அவனுக்கு நாய் பிடிக்கலன்னாலும் பரவாயில்லம்மா, அதுல உங்க கொறையும் இல்ல, அவன் கொறையும் இல்ல.

தெரபி நாய்க்கு சர்டிபிகேட்டும் அடையாள அட்டையும் ஆன்லைன்ல தாறோம்ங்காங்க, வாங்கலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

வேண்டாம் தம்பி. நாய ஒரு தடவ கூட நேர்ல பாக்காம குடுக்குற அட்டைக்கு என்ன மதிப்பு. உங்கள உள்ள விடுறது அந்த இல்லத்து நிர்வாகம்தான், அவங்க கேக்குறது ஊசி போட்ட புத்தகத்தையும் நாயோட நடத்தையவும். அந்தக் காச கால்நடை டாக்டருக்கும் நேர்ல வந்து சொல்லிக்குடுக்குற பயிற்சியாளருக்கும் குடுங்க. கூட்டிட்டுப் போறதா இருந்தா காலைல எட்டு மணிக்குள்ள போங்க, சித்திரை வெயில்ல ரோட்டுல பொறங்கைய ஏழு செகண்டு வச்சிப் பாத்து நம்மால தாங்க முடியலன்னா நாய் பாதமும் தாங்காது, தண்ணியும் பாத்திரமும் கையோட கொண்டு போங்க.