கட்டைவிரல் வலியா? முதலில் எண்ணெய்க் கிண்ணத்தைப் பாருங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். கும்பகோணத்தில் ஆறு மாத மசாஜ் தெரபி பயிற்சியில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. ஒருவர் முதுகை முடிப்பதற்குள் வலது கட்டைவிரலின் அடியில் வலி வந்துவிடுகிறது. காலையில் தண்ணீர் பாட்டில் மூடியைக்கூடத் திருக முடியவில்லை. "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்கிறார்கள். அப்படித்தானா? இன்னொன்று: ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டுப் பாட்டி வீங்கிய காலைப் பிடித்துவிடச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: பழகினால் சரியாகும் என்பது தோள் வலிக்கும் தொடைப் பிடிப்புக்கும் பொருந்தும். தசை வேலைக்குத் தகுந்தபடி தேறிக்கொள்ளும். கட்டைவிரலின் அடிமூட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. விரல் நுனியில் 1 கிலோ அளவுக்குக் கிள்ளிப் பிடித்தாலே மணிக்கட்டை ஒட்டிய அந்த மூட்டில் ஏறக்குறைய 12 கிலோ அழுத்தம் விழுகிறது. தவில் வாசிப்பவராவது விரலுக்குக் கூடு போட்டுக்கொள்வார். உங்களுக்கு அதுவும் கிடையாது.

முதலில் எண்ணெய். புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் தவறுகளில் அதிகம் கவனிக்கப்படாதது இதுதான். எண்ணெய் கூடினால் கை வழுக்கும். வழுக்கும் கை தன்னையறியாமல் இறுக்கிப் பிடிக்கும். பிடி கிடைக்காதபோது கட்டைவிரல் குத்தி இறங்கும். ஒரு முதுகுக்கு இரண்டு டீஸ்பூன், அதாவது 10 மி.லி. போதும், உடம்பு பெரிதாகவோ தோல் வறண்டோ இருந்தால் மூன்று. முதுகின் மேல் நேராக ஊற்றாமல் உள்ளங்கையில் விட்டு, இரு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிய பிறகு வையுங்கள். கூடிவிட்டால் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டுத் தொடருங்கள், அதில் வெட்கமில்லை. உடம்பு முழுவதும் எண்ணெய் தேய்க்கும் ஆயுர்வேத அபியங்கத்தில் 100 மி.லி.க்கு மேல் போகும், ஆனால் அங்கே நோக்கம் எண்ணெய் ஊறுவது. அந்த அளவு எண்ணெயோடு ஆழ்ந்த அழுத்தம் கொடுக்கப் பார்ப்பதுதான் விரலைக் கெடுக்கிறது.

நல்லெண்ணெய் கையில் சற்றுப் பிடிப்பாக நிற்கும், பழகுவதற்கு நல்லது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் வராது. எதுவானாலும் அடுப்பில் நேராக வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்துச் சூடாக்குங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே அடுத்தவர் மேல்.

அடுத்து டேபிள். பக்கத்தில் நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டு முஷ்டி மடக்குங்கள். விரல் கணுக்கள் டேபிளின் மேற்பரப்பைத் தொட வேண்டும். ஐந்தடி இரண்டங்குல உயரம் உள்ளவருக்கு அது 65 முதல் 70 செ.மீ. வரும். பயிற்சிக் கூடத்து டேபிள் உயரம் மாற்ற முடியாத மரக்கட்டிலாக இருந்தால், உயரமானவர் காலை அகட்டி நிற்கலாம், குள்ளமானவர் காலடியில் பலகை போட்டுக்கொள்ளலாம். டேபிள் உயர்ந்திருந்தால் தோள் தூக்கும், உடல் எடை இறங்காது, மிச்ச வேலையெல்லாம் விரலின் தலையில் விழும்.

எடை இறக்குவது எப்படி என்பதற்கு அம்மியில் துவையல் அரைக்கும் பெண்ணைப் பாருங்கள். குழவியை அவர் விரலால் நெருக்குவதில்லை. முழங்கை ஏறக்குறைய நேராக இருக்கும், தோள் கைக்கு மேலே வரும், இடுப்பு முன்னால் சாயும்போது குழவி தானாக ஓடும். டேபிளிலும் அதே கணக்குதான். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். பின்காலின் குதிகால் தரையை உந்துவதில் தொடங்கி உள்ளங்கையில் முடிய வேண்டும். எடை பார்க்கும் மிஷினை டேபிள் மேல் வைத்து, இரு உள்ளங்கைகளையும் வைத்துச் சாய்ந்து 5 கிலோ, 10 கிலோ, 15 கிலோ காட்டிப் பழகுங்கள். அப்போதே பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருங்கள். பேச்சு நின்று மூச்சு அடைபட்டால், சாயாமல் கையால் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம்.

பாடத்தில் வரும் எஃப்ளுராஜ், பெட்ரிசாஜ் என்ற பிரெஞ்சுப் பெயர்களுக்கு மிரள வேண்டாம், தடவுவதும் பிசைவதும்தான். சித்த மருத்துவத்தின் மசாஜ் முறையான தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை சொல்வார்கள். இவற்றில் கட்டைவிரலைக் கூப்பிடுவது பெரும்பாலும் அழுத்தலும் பிடித்தலும்தான். முதுகெலும்புக்கு இருபுறமும் உள்ள நீளத் தசைக்கும் தொடைக்கும் முன்கையின் சதைப்பகுதியைப் பயன்படுத்துங்கள். எலும்பின் மேல் நேராக வேண்டாம். கட்டைவிரலைக் கடைசியில், சின்ன முடிச்சுகளுக்கு மட்டும் எடுங்கள். அப்போதும் விரல் பின்னால் வளையாமல் முன்கையோடு ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். அழுத்தத்தை அதன் மேல் வைத்த மறு உள்ளங்கை கொடுக்கட்டும். ஒரு மணி நேர மசாஜில் கட்டைவிரலுக்கு மொத்தம் ஐந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

பிசைதலைச் சப்பாத்தி மாவில் பழகலாம். மாவு பிய்ந்தால் விரல்நுனி கிள்ளுகிறது. உருண்டையாகப் புரண்டால் உள்ளங்கை வேலை செய்கிறது. இன்னொரு பழைய பயிற்சி: தலைமுடி ஒன்றைப் புத்தகத்தின் ஒரு தாளுக்கு அடியில் வைத்து, கண்ணை மூடி விரலால் தேடுங்கள். கிடைத்ததும் இன்னொரு தாளைச் சேர்த்து மூடுங்கள். அழுத்தினால் முடி தெரியாது, விரலை லேசாக்கினால்தான் தெரியும். தசையில் இறுகிய இடம் எது என்று கைக்குப் பிடிபடாதவர்தான் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி அமுக்குவார்.

இப்போதைய வலிக்கு வருவோம். கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாயுங்கள். கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் சுரீரென்றால் தசைநாண் உறை புண்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். எதையாவது கிள்ளும்போது மட்டும் அடியில் வலித்தால் மூட்டைச் சந்தேகிக்க வேண்டும். எதுவானாலும் இரண்டு வாரம் கட்டைவிரல் வேலை வேண்டாம். உள்ளங்கையாலும் முன்கையாலும் வகுப்பைத் தொடருங்கள். சொடக்கு எடுப்பதும் வலிக்கிற இடத்தையே தேய்ப்பதும் கூடாது. குறையாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இரவில் முதல் மூன்று விரல்கள் மரத்துப்போனால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள், அது நரம்பு. பிறகும் கொஞ்ச காலம் ஒரு நாளைக்கு இரண்டு முழு மசாஜ், நடுவில் கால் மணி நேர இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். "சரி" சொல்லும் பழக்கம் உள்ளவர்கள் மேல்தான் வகுப்பில் எல்லாப் பயிற்சியும் விழும்.

பாட்டியின் கால்: வீக்கத்தின் காரணம் தெரியாமல் தொடாதீர்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாக, கெண்டைக்கால் வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். பிசைந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரண்டு காலும் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுந்தால் இதயமா சிறுநீரகமா என்று டாக்டர்தான் பார்க்க வேண்டும். டெல்டாவில் பழைய யானைக்கால் உள்ளவர்களையும் சந்திப்பீர்கள். அதற்குப் பிசைதல் கூடாது. நிணநீரை வடிக்கும் லேசான தடவல் தனிப் பயிற்சி பெற்றவரின் வேலை. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, உட்காரும்போது காலை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். நடவுக்குப் போகிறவர்களின் சேற்றுப்புண் வழியாகத்தான் கிருமி உள்ளே போய் அந்தக் காலை மேலும் வீங்கவைக்கும்.

சர்க்கரை உள்ளவரா என்றும் கேளுங்கள். பாதம் மரத்துப்போனவர் "இன்னும் அழுத்தும்மா" என்றுதான் சொல்வார், அவருக்கு வலி தெரியாது.

அதற்காகப் பாட்டியை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். "கால டாக்டர் பாக்கட்டும் பாட்டி, நான் தோளப் புடிச்சு விடறேன்" என்று சொல்லி நாற்காலியில் உட்காரவைத்து, சேலைக்கு மேலேயே பத்து நிமிடம் உள்ளங்கையால் பிடித்துவிடுங்கள். கழுத்தின் முன்பக்கம் கை போகக் கூடாது. எண்ணெய் கேட்டால் அரை டீஸ்பூன்.